செங்கல்பட்டும் ஒளிந்து வாழும் கிருமிகளும்

விடியற்காலையில் செங்கல்பட்டுக் கடலோரத்துக் கோவளத்திலும் தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் படகு கரையேறியதும் தேடுவது ஐஸைத்தான். உடைத்த ஐஸைக் கொட்டி, மேலே மீனை அடுக்கி, அதன்மேல் மறுபடியும் ஐஸைக் கொட்டுவார்கள். குளிரில் கிருமி முடங்கும், மீன் கெடாது. மனிதர்களுக்கு நோய் தரும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பெருகுவதையே நிறுத்திவிடுகின்றன. நம் வீட்டு ஃபிரிட்ஜை நாம் நம்புவதும் இந்த ஒரு விதியை நம்பித்தான்.

அந்த விதிக்குக் கட்டுப்படாத ஒரு பாக்டீரியா உண்டு. அதன் பெயர் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஐந்நூறுக்கு மேல் வரிசையாக நிற்கும் அளவுக்குச் சிறியது. மண்ணிலும் மக்கும் இலைதழையிலும் ஆற்று நீரிலும் ஆடுமாடுகளின் குடலிலும் அது இயல்பாக வாழ்கிறது. இந்தியக் கடலோரச் சந்தை மீன்களிலும் ஆய்வாளர்கள் அதைக் கண்டிருக்கிறார்கள். நம் உடல் சூட்டில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகும் இந்தக் கிருமி, 4 டிகிரியில் இரட்டிப்பாக ஒன்றரை நாள் எடுத்துக்கொள்கிறது. ஆமை வேகம்தான். ஆனாலும் பதினைந்து நாளில் பத்து முறை இரட்டித்துவிடும். பத்து முறை இரட்டித்தால் ஆயிரம் மடங்கு. ஃபிரிட்ஜின் பின்வரிசையில் மறந்துபோன டப்பாவில் பத்துக் கிருமி இருந்தால் அரை மாதத்தில் பத்தாயிரம். மற்றக் கிருமிகள் முடங்கிக் கிடப்பதால் அங்கே அதற்குப் போட்டியும் இல்லை.

குளிரில் எப்படி இயங்குகிறது? எந்த உயிரணுவையும் சுற்றியிருப்பது கொழுப்பாலான மெல்லிய சவ்வு. குளிர் ஏறினால் சவ்வு இறுகும். அதன் வழியே உணவு உள்ளே வராது, கழிவு வெளியே போகாது. லிஸ்டீரியா குளிரை உணர்ந்ததும் சவ்வில் சேர்க்கும் கொழுப்பமிலங்களின் வகையை மாற்றிவிடுகிறது. கிளைவிட்ட அமைப்புள்ள அந்தக் கொழுப்பமிலங்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாதவை. அதனால் சவ்வு இளக்கமாகவே இருக்கும். உப்பும் அதை எளிதில் அசைப்பதில்லை: கடல் நீரில் இருப்பது சுமார் 3.5 சதவீத உப்பு; பத்து சதவீத உப்பிலும் லிஸ்டீரியா பெருகும்.

இவ்வளவு விடாப்பிடியான கிருமி எங்கும் இருக்கிறது என்றால் நாம் எல்லோரும் நோயில் கிடக்க வேண்டுமே! நடப்பது வேறு. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் பலமுறை அதை விழுங்கியிருப்போம். ஒன்றும் நேர்ந்திருக்காது, மிஞ்சிப்போனால் ஒரு நாள் வயிற்றுப்போக்கு. ஆனால் சிலருக்கு அதே கிருமி இரத்தத்தில் பரவி, மூளைக்காய்ச்சலாக மாறுகிறது. அப்படி ஆழமாகத் தொற்றியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை, மருந்து கொடுத்தும் இறக்கிறார்கள். உணவால் வரும் தொற்றுகளில் இவ்வளவு உயிர்வாங்கும் கிருமிகள் மிகக் குறைவு. பலருக்கு ஒன்றுமே செய்யாதது சிலருக்கு மட்டும் ஏன் எமனாகிறது? இதற்கு விடை தேடப் போய்த்தான் நம் நோயெதிர்ப்பாற்றலின் ஒரு பெரிய ரகசியம் வெளிப்பட்டது.

1924-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்து முயல்கள் திடீரென்று சாகத் தொடங்கின. அங்கே பணியாற்றிய முர்ரேயும் அவருடைய சகாக்களும் அந்த முயல்களின் இரத்தத்தில் மோனோசைட் என்னும் வெள்ளையணுக்கள் பெருகியிருப்பதைக் கண்டார்கள். கிருமியின் பெயரின் பின்பாதி அப்படி வந்தது. முன்பாதி, அறுவை சிகிச்சையில் கிருமிநீக்கத்தைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் நினைவாக. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இது ஆட்டு நோயாகவே பெரும்பாலும் பேசப்பட்டது. சரியாகப் புளிக்காத ஊறுகாய்ப்புல்லைத் தின்ற செம்மறிகளின் மூளைத்தண்டைத் தாக்கும். தலை ஒரு பக்கம் சாய்ந்து, ஆடு வட்டம் வட்டமாகச் சுற்றிச் சுற்றி விழுந்து சாகும். மனிதருக்கு உணவு வழியே வருகிறது என்பது உறுதியானது 1981-இல், கனடாவின் கடலோர மாகாணங்களில். அங்கே 41 பேருக்குத் தொற்று. அவர்களில் 34 பேர் கருவுற்ற தாய்மாரும் பச்சிளங்குழந்தைகளும். ஆட்டுச்சாணம் உரமிட்ட வயலின் முட்டைக்கோஸைக் குளிர்காலம் முழுவதும் குளிர்க்கிடங்கில் வைத்திருந்து, பச்சையாகச் சீவி, கோல்ஸ்லா செய்து விற்றிருந்தார்கள். குளிரே அந்தக் கிருமியை வளர்த்துக் கொடுத்துவிட்டது.

இனி அது உடலுக்குள் போகும் வழியைப் பார்ப்போம். இங்கேதான் எனக்கு வியப்பு அடங்காமல் போகிறது.

மண்ணில் இருக்கும்போது லிஸ்டீரியாவிடம் நோய் செய்யும் கருவிகள் தயாராக இருப்பதில்லை. தேவையில்லாததைச் செய்து சக்தியை வீணாக்காது. மனித உடலுக்குள் வந்துவிட்டோம் என்று அதற்கு எப்படித் தெரிகிறது? சூட்டை வைத்து. கருவிகள் அனைத்தையும் முடுக்கிவிடும் தலைமைப் புரதம் ஒன்று உண்டு. அந்தப் புரதத்தைச் செய்வதற்கான ஆர்.என்.ஏ. என்னும் செய்திநாடாவின் தொடக்கப் பகுதி, 30 டிகிரிக்குக் கீழே கொண்டை ஊசிபோல மடிந்து கிடக்கும். மடிப்புக்குள் செய்தி மறைந்திருப்பதால் யாரும் படிக்க முடியாது. 37 டிகிரியில் மடிப்பு தானாகவே அவிழும், செய்தி படிக்கப்படும், புரதம் உருவாகும். தனியாக ஒரு உணர்வுறுப்பு வேண்டியதில்லை. செய்தியே வெப்பமானியாகவும் இருக்கிறது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பாஸ்கல் கொஸ்ஸாரின் குழு இதை 2002-இல் கண்டுபிடித்தது.

அடுத்து, குடற்சுவர். அங்கே செல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ள ஈ-கேடரின் என்னும் பிணைப்புப் புரதம் உதவுகிறது. லிஸ்டீரியாவின் மேற்புறத்தில் இன்டர்னலின் என்ற புரதம் இருக்கிறது. அது ஈ-கேடரினைப் பற்றியதும், செல் ஏமாந்து கிருமியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. பற்றுவது எவ்வளவு நுட்பமானது தெரியுமா? மனித ஈ-கேடரினின் 16-ஆவது இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தைப் பொறுத்தது. சுண்டெலிக்கு அந்த இடத்தில் வேறொன்று இருக்கிறது. அதனால் லிஸ்டீரியா கலந்த உணவைக் கொடுத்தாலும் சுண்டெலியின் குடலைக் கிருமி எளிதில் துளைப்பதில்லை.

செல்லுக்குள் நுழைந்த கிருமி முதலில் ஒரு சிறு சவ்வுப்பைக்குள் அடைபட்டிருக்கும். வழக்கமாகச் செல் அந்தப் பைக்குள் அமிலத்தைச் சுரந்து உள்ளிருப்பதைச் செரித்துவிடும். லிஸ்டீரியா அந்த அமிலத்தையே சமிக்ஞையாக எடுத்துக்கொள்கிறது. லிஸ்டீரியோலைசின் என்ற நஞ்சை வெளியிட்டு, பையின் சவ்வில் ஓட்டை போட்டு வெளியேறுகிறது. அதே நஞ்சு செல்லின் வெளிச்சவ்வையும் துளைத்தால் செல் செத்துவிடுமே? செத்தால் கிருமிக்கும் இடமில்லை. அதற்கும் வழி வைத்திருக்கிறது. அமிலத்தில் நன்றாக வேலை செய்யும் அந்த நஞ்சு, பைக்கு வெளியே இருக்கும் அமிலமற்ற சூழலில் வீரியம் குன்றிவிடும். செல்லும் அதை விரைவில் சிதைத்துவிடும்.

இப்போது கிருமி செல்லின் நடுவில், சத்து நிறைந்த குழம்பில் இருக்கிறது. நகரக் கால் இல்லை. உடல் சூட்டில் வால்மயிர்களையும் அது விட்டுவிடுகிறது. ஆனால் செல்லின் சட்டகத்தைக் கட்டும் ஆக்டின் என்ற புரதம் சுற்றிலும் மிதக்கிறது. கிருமி தன் பின்முனையில் வைத்திருக்கும் ஒரு புரதத்தால் ஆக்டினை ஈர்த்து, இழை இழையாகக் கோத்து அடுக்க வைக்கிறது. இழைகள் வளர வளர, கிருமி முன்னே தள்ளப்படுகிறது. நுண்ணோக்கியில் வால்நட்சத்திரம் போலத் தெரியும். சில நிமிடங்களில் செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், சவ்வை விரல்போலப் பிதுக்கிக்கொண்டு பக்கத்துச் செல்லுக்குள் புகுந்துவிடும். அங்கே மறுபடியும் அதே ஓட்டை, அதே ஓட்டம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒண்டுக்குடித்தன வீடுகளில் திருடன் ஒருவன் தெருவில் காலே வைக்காமல் நடுச்சுவரைத் துளைத்துத் துளைத்தே ஒவ்வொரு வீடாகப் போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். தெருவில் எத்தனை போலீஸ்காரர்கள் ரோந்து சுற்றினாலும் அவனைப் பிடிக்க முடியாது. நம் இரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புரதங்களின் நிலை அதுதான். அவை செல்லுக்கு வெளியே இருக்கும் கிருமியைப் பிடிப்பவை. உள்ளேயே இடம் மாறும் லிஸ்டீரியா அவற்றின் கண்ணில் படுவதே இல்லை.

அப்படியானால் நம்மைக் காப்பது யார்? 1962-இல் ஜார்ஜ் மாக்கனெஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவ விஞ்ஞானி சுண்டெலிகளின் இரத்தத்தில் லிஸ்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார். சிறிய அளவில் தொற்றிப் பிழைத்த எலிகள், பிறகு சாகடிக்கும் அளவு கொடுத்தாலும் தாங்கின. அந்த எலிகளின் இரத்தத்திலிருந்து தெளிந்த சீரத்தை எடுத்து, தொற்றே காணாத எலிகளுக்குக் கொடுத்தார். பாதுகாப்பு கிடைக்கவில்லை. ஆக, சீரத்தில் இருக்கும் எதிர்ப்புரதம் காரணமில்லை. மாறியிருந்தவை விழுங்கணுக்கள், அதாவது கிருமியை விழுங்கிச் செரிக்கும் வெள்ளையணுக்கள். முன்பு லிஸ்டீரியாவை விழுங்கிவிட்டுத் தாமே பலியான அவை, இப்போது அதை விழுங்கிக் கொன்றன. அவற்றுக்கு அந்த ஆவேசத்தை ஊட்டியவை டி செல்கள் என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவானது. தொற்றிய செல், தன்னுள்ளே இருக்கும் கிருமியின் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் காட்டும். ஒருவகை டி செல் அதைப் படித்து அந்தச் செல்லையே அழிக்கும். இன்னொரு வகை, விழுங்கணுக்களை உசுப்பிவிடும். இந்தப் பிரிவுக்குச் செல்வழி எதிர்ப்பாற்றல் என்று பெயர். இன்றைய மருத்துவப் பாடநூல்களில் அந்த அத்தியாயம் இருப்பதற்கு லிஸ்டீரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த அத்தியாயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் செங்கல்பட்டு நினைவுக்கு வருகிறது. இந்த மாவட்டத்தின் மருத்துவ வரலாறு, ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக, செல்லுக்குள் ஒளியும் கிருமிகளைச் சுற்றியே நடந்திருக்கிறது.

செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் 1924-இல் தொழுநோயாளிகளுக்கான லேடி வில்லிங்டன் இல்லம் தொடங்கப்பட்டது. 1955-இல் அது மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாயிற்று. தொழுநோய்க் கிருமியும் செல்லுக்குள்தான் குடியிருக்கிறது. ஒரே கிருமி இருவேறு முகம் காட்டும். செல்வழி எதிர்ப்பாற்றல் வலுவாக உள்ளவருக்கு உணர்ச்சியற்ற இரண்டொரு தேமல். அவற்றுக்குள் தேடினாலும் கிருமி அகப்படாது. அந்த ஆற்றல் குன்றியவருக்கு உடல் முழுக்கப் பரவி, தோலில் கோடிக்கணக்கில் கிருமிகள். இதில் விந்தை, இரண்டாமவரின் இரத்தத்தில்தான் எதிர்ப்புரதங்கள் ஏராளமாக இருக்கும். இருந்தும் பயனில்லை. மாக்கனெஸின் எலிகள் சொன்னதையே தொழுநோயாளிகளின் தோலும் சொல்கிறது.

1968-இல், அன்றைய பெரிய செங்கல்பட்டு மாவட்டத்தில், காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கும் மாபெரும் ஆய்வு தொடங்கியது. சுமார் 3,60,000 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். உலகில் அந்தத் தடுப்பூசிக்கு நடந்த சோதனைகளில் இதுவே மிகப் பெரியது. செல்வழி எதிர்ப்பாற்றலைப் பழக்குவதுதான் பி.சி.ஜி.யின் வேலை. வந்த முடிவு உலகையே திகைக்க வைத்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது இங்கே தடுக்கவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமிக்கு உறவான சாதுக் கிருமிகள் மக்களின் எதிர்ப்பாற்றலை முன்பே தொட்டுவிட்டிருக்கலாம், அதற்குமேல் ஊசி சேர்க்க ஒன்றுமில்லை என்பது இன்றுவரை பேசப்படும் விளக்கங்களில் ஒன்று. குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சலை பி.சி.ஜி. தடுப்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறோம்.

பிறகு தாம்பரம். டாக்டர் சவுரிமுத்து 1928-இல் நிறுவிய காசநோய் மருத்துவமனை, 1937-இல் அரசின் கைக்கு வந்தது. சென்னையில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த ஏழாண்டுக்குப் பிறகு, தாம்பரம் சானடோரியம் எச்.ஐ.வி. நோயாளிகளை அனுமதிக்கத் தொடங்கியது. மற்ற இடங்களில் கதவடைக்கப்பட்டவர்கள் அங்கே வந்தார்கள். எச்.ஐ.வி. அழிப்பது சிடி4 என்னும் டி செல்களை, அதாவது விழுங்கணுக்களை உசுப்பிவிடும் அதே செல்களை. நலமான ஒருவரின் ஒரு துளி இரத்தத்தில், துளியிலும் ஐம்பதில் ஒரு பங்கான ஒரு மைக்ரோலிட்டர் அளவில், ஐந்நூறுக்குமேல் சிடி4 செல்கள் இருக்கும். அது இருநூறுக்குக் கீழே இறங்கினால் ஒளிந்திருக்கும் கிருமிகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். முதலில் வருவது காசநோய். அந்த வரிசையில் லிஸ்டீரியாவும் உண்டு. கூட்டு மருந்துச் சிகிச்சை வருவதற்கு முந்தைய அமெரிக்கக் கணக்குகளில், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு லிஸ்டீரியா தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல பத்து மடங்கு அதிகமாக இருந்தது. 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. டி செல்கள் மீண்டன; மக்களும் மீண்டார்கள்.

டி செல் ஆற்றல் குன்றியவர்களில் இன்னொரு கூட்டம் நாமே உருவாக்குவது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தமிழ்நாட்டில் உறுப்பு தானம் பெரும் இயக்கமானதில் அந்த முடிவுக்கு முதன்மையான இடமுண்டு. மாற்றுச் சிறுநீரகமோ கல்லீரலோ பெற்றவர் அதை உடல் நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரையை வாழ்நாள் முழுக்க எடுக்கிறார். அந்த மாத்திரை அடக்கி வைப்பதும் டி செல்களைத்தான். புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர், நாள்பட ஸ்டீராய்டு எடுப்பவர், வயது முதிர்ந்தவர் எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். கருவுற்ற பெண்ணுக்கு வேறு விதமான ஆபத்து: தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடும், கிருமி நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைத் தாக்கும், கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம்.

இவர்களின் எண்ணிக்கை அதிகமாக உள்ள ஒரு நாட்டில் கிருமி பொதுவான ஓர் உணவில் புகுந்தால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்காவில் உலகம் பார்த்தது. 2017 முதல் 2018 வரை 1,060 பேருக்குத் தொற்று உறுதியானது. 216 பேர் இறந்தார்கள். லிஸ்டீரியாவின் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய பரவல் பதிவானதில்லை. கிருமி விழுங்கிய நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையே எழுபது நாள்வரைகூட ஆகலாம் என்பதால், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. மாதக்கணக்கில் தேடினார்கள். 2018 ஜனவரியில் சொவெட்டோவின் குழந்தைகள் காப்பகத்திலிருந்து சில பிஞ்சுகள் வாந்தி பேதியோடு மருத்துவமனைக்கு வந்தன. காப்பகத்து ஃபிரிட்ஜில் போலோனி என்னும் மலிவான இறைச்சித் தயாரிப்பு இருந்தது. அதிலிருந்த கிருமியின் மரபணுவும் நோயாளிகளின் கிருமியின் மரபணுவும் ஒத்துப்போயின. தடம் ஒரு தொழிற்சாலையில் போய் நின்றது. போலோனி அந்த நாட்டில் பெரும்பாலும் சூடாக்காமலே சாப்பிடும் பண்டம்.

நம் ஊரில் இந்த நோய் மிக அரிதாகவே பதிவாகிறது. நம் சமையலுக்கு அதில் நிச்சயம் பங்குண்டு. 75 டிகிரி சூட்டில் லிஸ்டீரியா தாங்காது. மீன் குழம்பு கொதிப்பது 100-ஐ ஒட்டி. பாலைப் பொங்கக் காய்ச்சுகிறோம், இட்லியை ஆவியில் வேக வைக்கிறோம். ஆனால் அரிதாகக் காண்பதற்கு, காணாமல் விடுவதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நுண்ணோக்கியில் லிஸ்டீரியா தோலில் வாழும் சாதுவான குச்சிக்கிருமிகளைப் போலவே தெரியும். ஊசி குத்தியபோது தோலிலிருந்து கலந்தது என்று ஒதுக்கிவிடுவது எளிது. இன்னொன்று, பழைய மாமல்லபுரம் சாலை நெடுக எழுந்திருக்கும் குடியிருப்புகளின் ஃபிரிட்ஜுகளில் இன்று இருப்பவை சீஸ், சாலட், வெட்டி அடைத்த பழம், குளிர்ந்த இறைச்சித் துண்டுகள். இவை அடுப்பைப் பார்ப்பதே இல்லை. எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் கருவுற்றவர்களும் இவற்றையும் காய்ச்சாத பாலையும் அதில் செய்த சீஸையும் தவிர்ப்பது நல்லது. ஃபிரிட்ஜில் வைத்த சாப்பாட்டை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். பச்சை மீன் நறுக்கிய கத்தியாலும் பலகையாலும் வெள்ளரிக்காய் நறுக்கக் கூடாது.

மருத்துவருக்கும் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் வந்ததும் உடனே ஏற்றும் மருந்து பெரும்பாலும் செஃப்ட்ரையாக்சோன். வீரியமான, பல கிருமிகளைக் கொல்லும் மருந்து. லிஸ்டீரியாவிடம் அந்த மருந்துக் குடும்பமே பலிப்பதில்லை. கிருமியின் சுவரைக் கட்டும் புரதங்களில் போய் ஒட்டி வேலையை நிறுத்துவது அந்த மருந்துகளின் வழி. லிஸ்டீரியாவின் புரதங்களில் அவை சரியாக ஒட்டுவதில்லை. கொல்வது பழைய, மலிவான ஆம்பிசிலின். ஆகவேதான் ஐம்பது வயதைக் கடந்தவருக்கும் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கும் மூளைக்காய்ச்சல் என்றால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஆம்பிசிலினையும் சேர்த்தே ஏற்றுகிறார்கள். லிஸ்டீரியா என்று உறுதியானால் குறைந்தது மூன்று வாரம் தொடர வேண்டும். செல்களுக்குள் ஒளிந்திருப்பதை வெளியேற்ற அவ்வளவு காலம் பிடிக்கிறது.

ஏ.ஆர்.டி. மையங்களில் சிடி4 குறைந்தவர்களுக்குத் தினமும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுப்பார்கள். உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கும் முதல் சில மாதங்கள் கொடுப்பதுண்டு. நிமோசிஸ்டிஸ் என்ற வேறொரு நுரையீரல் தொற்றைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். ஆனால் அந்த மாத்திரை லிஸ்டீரியாவையும் கொல்கிறது. அதை எடுத்துக்கொள்பவர்களிடையே லிஸ்டீரியா குறைவாகவே காணப்படுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பெனிசிலின் ஒவ்வாமையால் ஆம்பிசிலின் கொடுக்க முடியாத நோயாளிக்கு லிஸ்டீரியா மூளைக்காய்ச்சல் வந்தால், நரம்பு வழியே ஏற்றுவதும் இதே மருந்தைத்தான்.